பெலிண்டா கிளார்க் என்பதுதான் சரியான விடை: விளையாட்டு வினாடி வினா நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விளையாட்டு வினாடி வினா போட்டிகளை நடத்துபவர்களுக்கும், அவற்றுக்குக் கேள்வி தொகுத்துக் கொடுப்பவர்களுக்கும்,

உங்கள் மேடையில் என் மாணவி ஒருத்தி சரியான விடையைச் சொன்னாள். நீங்கள் அதைத் தவறு என்றீர்கள். மறுபடி பார்க்கச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். மூன்று வாரம் கழித்து, "நடுவரின் முடிவே இறுதியானது" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. என்னால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கேள்வி இதுதான்: "ஒருநாள் சர்வதேச கிரிக்கெட்டில் முதன்முதலாக இரட்டைச் சதம் அடித்தவர் யார்?" கேட்டு முடித்த கணமே அவள் பொத்தானை அழுத்திவிட்டாள். பதின்மூன்று வயது. எழுந்து நின்று "பெலிண்டா கிளார்க்" என்றாள். கேள்வி கேட்டவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "தவறு" என்றார். கேள்வி அடுத்த அணிக்குப் போயிற்று. "சச்சின் டெண்டுல்கர்" என்றார்கள். கைதட்டல். எங்களுக்கு ஐந்து மதிப்பெண் கழிந்தது, அவர்களுக்குப் பத்து ஏறியது. கடைசியில் நாங்கள் தோற்றது பத்து மதிப்பெண் வித்தியாசத்தில்.

தோற்றது எனக்குப் பெரிதில்லை. உடற்கல்வி ஆசிரியைக்குத் தோல்வி பழகிய விஷயம். அவள் திரும்பி வந்து உட்கார்ந்த விதம்தான் மனதை விட்டுப் போக மறுக்கிறது. பக்கத்திலிருந்த பையன் "தெரியலைன்னா எதுக்குச் சொன்ன?" என்று கேட்டான். அவள் வாயைத் திறக்கவில்லை. மேசைமேல் கிடந்த பென்சிலை எடுத்து வெறும் தாளில் 229 என்று எழுதினாள். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். வட்டத்தின் மேலேயே திரும்பத் திரும்பப் பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தாள், தாள் கிழியும்வரை.

அந்த 229, மும்பையில் 1997 டிசம்பர் 16 அன்று நடந்த மகளிர் உலகக் கோப்பை ஆட்டத்தில், டென்மார்க்குக்கு எதிராக ஆஸ்திரேலிய அணியின் தலைவி பெலிண்டா கிளார்க் ஆட்டமிழக்காமல் எடுத்த ரன். 155 பந்துகள். சச்சின் குவாலியரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 200 தொட்டது 2010 பிப்ரவரி 24. இடையில் பன்னிரண்டு ஆண்டுக்கும் மேல். இரண்டுமே முறைப்படி ஒருநாள் சர்வதேசப் போட்டிகள், இரண்டுக்கும் ஸ்கோர் அட்டை இருக்கிறது. சச்சின் ஆடிய அந்த ஆட்டத்தை நானும் எழுந்து நின்று பார்த்தவள்தான். ஆடவர் கிரிக்கெட்டில் அவர்தான் முதல் ஆள், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் 'ஆடவர்' என்ற சொல் இல்லை.

சுற்று முடிந்ததும் செல்போனில் ஸ்கோர் அட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு நடுவர் மேசைக்குப் போனேன். நடுவர் மரியாதையாகத்தான் பேசினார். "நாங்க பெண்கள் கிரிக்கெட்டைப் பத்திக் கேக்கலையேம்மா" என்றார். "ஆண்கள் கிரிக்கெட்னும் கேக்கலையே சார்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த விடைத்தாளை என் பக்கமாகத் திருப்பி, சச்சின் பெயருக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். "இங்க இதுதான் போட்டிருக்கு" என்றார். நான் நீட்டிய போனை அவர் பார்க்கவே இல்லை. இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான்.

இது என்றோ ஒரு நாள் நடந்த பிசகு என்றால் விட்டிருப்பேன். பதினோரு வருடமாகப் பிள்ளைகளை இந்தப் போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். தவறான விடைகளைக் குறித்துவைக்க என்றே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் இதே மாதிரிதான்: "முதல்" என்று கேட்டுவிட்டு, பெண்களை எண்ணிக்கையிலேயே சேர்க்காத கேள்விகள்.

முதல் கிரிக்கெட் உலகக் கோப்பை எந்த ஆண்டு? உங்கள் விடை 1975. மகளிர் உலகக் கோப்பை 1973இல் இங்கிலாந்தில் நடந்து, ரேச்சல் ஹேஹோ பிளின்ட் தலைமையில் இங்கிலாந்து அணி கோப்பையை வாங்கிய பிறகு இரண்டு வருடம் கழித்துத்தான் ஆடவருக்கு உலகக் கோப்பை வந்தது. முதல் இருபது ஓவர் சர்வதேசப் போட்டி? உங்கள் விடை 2005, ஆக்லாந்து. ஆனால் 2004 ஆகஸ்ட் 5 அன்றே ஹோவ் மைதானத்தில் இங்கிலாந்து, நியூசிலாந்து மகளிர் அணிகள் அதை ஆடி முடித்துவிட்டன. ஒரே டெஸ்டில் சதமும் அடித்துப் பத்து விக்கெட்டும் எடுத்த முதல் ஆட்டக்காரர்? இயன் போத்தம், 1980 என்று போட்டிருந்தீர்கள். ஆஸ்திரேலியாவின் பெட்டி வில்சன் 1958இல் மெல்போர்னில் இங்கிலாந்துக்கு எதிராக அதைச் செய்தார். முதல் இன்னிங்ஸில் 7 ரன் மட்டும் கொடுத்து 7 விக்கெட், அதில் ஒரு ஹாட்ரிக். பந்து வீசி முடித்த கையோடு மட்டை பிடித்து 100 ரன். இப்படி ஒரு டெஸ்ட் ஆடியவரின் பெயர் தெரியாமலே ஒரு பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்துவிடலாம், ஆனால் தெரிந்த பிள்ளைக்கு மதிப்பெண் கழியும் என்பது என்ன நியாயம்?

கால்பந்திலும் இதே கதை. ஐந்து உலகக் கோப்பைகளில் கோல் போட்ட முதல் ஆள் கிறிஸ்டியானோ ரொனால்டோ என்று கேள்வி வருகிறது. அவர் அதைச் செய்தது 2022இல். பிரேசிலின் மார்த்தாவும் கனடாவின் கிறிஸ்டீன் சின்க்ளேரும் 2019லேயே செய்துவிட்டார்கள். அந்த சின்க்ளேர் நாட்டுக்காகப் போட்ட கோல்கள் 190.

2016 ரியோ ஒலிம்பிக்கில் டென்னிஸ் தங்கம் வென்ற ஆண்டி மர்ரியைப் பேட்டி எடுத்தவர், ஒலிம்பிக் டென்னிஸில் இரண்டு தங்கம் வென்ற முதல் ஆள் நீங்கள்தான் என்று வாழ்த்தினார். மர்ரி அங்கேயே அந்த நிமிடமே திருத்தினார்: ஒற்றையர் பிரிவில் வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம், வீனஸும் செரீனாவும் ஆளுக்கு நான்கு தங்கம் வரை வைத்திருக்கிறார்களே என்றார். நேரலையில், களைத்துப்போய், கழுத்தில் பதக்கம் வாங்கிய கையோடு அவரால் அதைச் சொல்ல முடிந்தது. மேசை, நாற்காலி, தாள், வேண்டிய நேரம் எல்லாம் இருக்கிற உங்களால் முடியாதா?

சரி, இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விளையாட்டுகள் எப்படிப் பிறந்தன என்ற கேள்விகள். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த சுற்று அதுதான், எனக்கும்தான். கண்ணை மூடிக்கொண்டு நகலெடுப்பது அதிகம் நடப்பதும் அந்தச் சுற்றில்தான்.

"பேஸ்பால் விளையாட்டைக் கண்டுபிடித்தவர் யார்?" உங்கள் தாளில் ஆப்னர் டபுள்டே, 1839, கூப்பர்ஸ்டவுன். மூன்று வேறு போட்டிகளில் இதை எழுதிவைத்திருக்கிறேன். அந்த விடை எங்கிருந்து வந்தது என்று தயவுசெய்து ஒரு தடவை பாருங்கள், ஏனென்றால் உங்களுக்கு எழுதும் இந்தக் கடிதத்துக்கு அதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியவில்லை.

பேஸ்பால் பிரிட்டனின் ரவுண்டர்ஸ் ஆட்டத்திலிருந்து வளர்ந்தது என்று ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர் எழுதிவந்தார். அவரே இங்கிலாந்தில் பிறந்தவர். விளையாட்டுச் சாமான் விற்றுப் பெரும் செல்வந்தரான ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்கு அது பிடிக்கவில்லை. அமெரிக்க ஆட்டம் அமெரிக்க மண்ணில்தான் பிறந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் முயற்சியில் 1905இல் ஒரு குழு அமைந்தது. தலைவர் ஆப்ரகாம் மில்ஸ். குழுவுக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. அதில் ஒன்று ஆப்னர் கிரேவ்ஸ் என்ற வயதான சுரங்கப் பொறியாளர் எழுதியது. கூப்பர்ஸ்டவுனில் தான் சிறுவனாக இருந்தபோது டபுள்டேதான் ஆட்டத்துக்கு விதி வகுத்தார் என்று அவர் சொன்னார். 1839இல் கிரேவ்ஸின் வயது ஐந்து. டபுள்டே அந்த வருடம் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். பிற்காலத்தில் பெரிய தளபதியாகி 1893இல் இறந்துபோனவர், பேஸ்பாலைத் தான் உண்டாக்கியதாக ஓர் இடத்திலும் எழுதிவைக்கவில்லை. குழுத் தலைவர் மில்ஸுக்கு டபுள்டே நெடுநாள் பழக்கம். அப்படி இருந்தும் 1907 கடைசியில் அறிக்கை வெளிவந்தது: கண்டுபிடித்தவர் டபுள்டே. சாட்சி அந்த ஒருவர்தான்.

அறிக்கை வந்துவிட்டது, அதனால் அது உண்மையாகிவிட்டது. 1939இல் நூற்றாண்டு விழா கொண்டாடி, கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் புகழ்க்கூடத்தையே திறந்தார்கள். ஆனால் 'பேஸ்-பால்' என்ற சொல் 1744இல் லண்டனில் வந்த ஒரு குழந்தைகள் புத்தகத்திலேயே படத்தோடு இருக்கிறது, டபுள்டே பிறப்பதற்கு எழுபத்தைந்து வருடம் முன்னால். அந்தப் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றவர்களின் பட்டியலில் டபுள்டேயின் பெயர் இன்றுவரை இல்லை. அவர்களே விட்டுவிட்ட விடையை நீங்கள் இன்னமும் தாளில் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நடுவர் முடிவே இறுதி என்றால் மில்ஸ் குழுவின் முடிவும் இறுதிதான்.

ரக்பி இன்னொன்று. 1823இல் ரக்பி பள்ளியில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்த வில்லியம் வெப் எல்லிஸ் திடீரென்று பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார், ரக்பி பிறந்தது. அழகான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதை முதலில் எழுத்தில் வந்தது 1876இல். எல்லிஸ் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எழுதிய மாத்யூ பிளாக்ஸம் அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர் இல்லை, அதற்கு முன்பே பள்ளியை விட்டுப் போனவர். 1895இல் பள்ளியின் பழைய மாணவர்கள் விசாரித்தபோது நேரில் பார்த்ததாகச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. உலகக் கோப்பைக்கு 1987 முதல் எல்லிஸின் பெயர் இருக்கிறது, அதனால் "யார் பெயரால் கோப்பை?" என்று கேளுங்கள். அது சரியான கேள்வி, சரியான விடை.

கோல்ஃப் என்ற பெயர் 'ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு அனுமதியில்லை' என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் என்பதைக்கூட ஒரு வருடம் கேட்டீர்கள். அந்தச் சொல் ஸ்காட்லாந்தில் 1457ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது, வில் பயிற்சி கெட்டுப்போகிறது என்று கால்பந்தையும் கோல்ஃபையும் தடை செய்த சட்டம். இதில் மேற்கொண்டு சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் மாரத்தானைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், அது நான் மைதானத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம். "மாரத்தான் தூரம் ஏன் 42.195 கிலோமீட்டர்?" என்ற கேள்விக்கு, "மாரத்தான் களத்திலிருந்து ஏதென்ஸ் வரை ஃபிடிப்பிடிஸ் ஓடிய தூரம்" என்று விடை வைத்திருந்தீர்கள். 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தான், அதே பாதையில் நடந்தது, சுமார் 40 கிலோமீட்டர்தான். 42.195 வந்தது 1908 லண்டன் ஒலிம்பிக்கில். வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த மாடத்துக்கு முன்னால் முடிந்தது. அதற்குப் பிறகும் தூரம் நிலைக்கவில்லை. 1912இல் ஸ்டாக்ஹோமில் 40.2, 1920இல் ஆன்ட்வெர்ப்பில் 42.75. 1921இல்தான் லண்டன் தூரத்தையே எல்லோருக்கும் பொதுவாக நிறுத்தினார்கள்.

ஃபிடிப்பிடிஸ் என்ற கிரேக்கத் தூதர் மாரத்தான் போரின் வெற்றிச் செய்தியோடு ஏதென்ஸுக்கு ஓடிவந்து, சொல்லிவிட்டு விழுந்து செத்தார் என்ற கதையும் அப்படித்தான். போர் நடந்தது கி.மு. 490. சில பத்தாண்டுகளுக்குள் அதைப் பற்றி எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், ஃபிடிப்பிடிஸ் உதவி கேட்டு ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடியதைத்தான் சொல்கிறார். ஏறத்தாழ 240 கிலோமீட்டர், மறுநாளே போய்ச் சேர்ந்தாராம். வெற்றிச் செய்தியைச் சொல்லிவிட்டு விழுந்து செத்த காட்சி ஹெரோடோட்டஸிடம் இல்லவே இல்லை. அது ஐந்நூறு வருடத்துக்கும் மேல் கழித்து எழுதியவர்களிடம் முளைக்கிறது, அதிலும் ஓடியவர் பெயர் ஆளுக்கு ஆள் மாறுகிறது. இதை என் பிள்ளைகளிடம் சொன்னபோது ஒரு பையன் "அப்போ 240 கிலோமீட்டர் ஓடினதுதானே டீச்சர் பெரிய கதை, அதை ஏன் விட்டுட்டாங்க?" என்று கேட்டான். நானும் அதையேதான் உங்களிடம் கேட்கிறேன்.

உண்மை சப்பென்று இருக்கும், கதைதான் சுவாரசியம் என்று உங்களில் சிலர் நினைக்கிறீர்கள். போட்டி முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒருவர் என்னிடம் அப்படியே சொன்னார்: "எல்லாத்தையும் நோண்டினா கேள்வியே மிஞ்சாதும்மா." எனக்கு அதில் உடன்பாடில்லை.

கூடைப்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு நிஜமாகவே ஒரு தகப்பன் உண்டு, ஒரு பிறந்த மாதமும் உண்டு. 1891 டிசம்பர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு. குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாமல் முரண்டு பிடித்த 18 மாணவர்களுக்காகக் கனடாக்காரரான ஜேம்ஸ் நைஸ்மித் 13 விதிகள் எழுதினார். இரண்டு பெட்டி கேட்டார், கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பீச் பழக்கூடை இரண்டு கொண்டுவந்தார். உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் அவற்றை ஆணி அடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடி. பக்கத்துக்கு ஒன்பது பேர், ஆடப் பயன்பட்டது கால்பந்தாட்டத்துக்கான பந்து. முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கோல். கூடைக்கு அடி இருந்ததால் பந்தை எடுக்க ஏணி வைத்து ஏற வேண்டியிருந்தது.

ஒவ்வொரு வருடமும் புதிய பிள்ளைகளிடம் அளவு நாடாவைக் கொடுத்துக் கம்பத்தில் இருக்கும் வளையத்தின் உயரத்தை அளக்கச் சொல்வேன். ஒருத்தி கீழே நாடாவை மிதித்துக்கொள்வாள், ஒருவன் நாற்காலி மேல் ஏறி மேல்நுனியைப் பிடிப்பான், எட்டாது, இன்னொருவன் அவனைத் தூக்குவான். 3.05 மீட்டர் என்று கத்துவார்கள். அது 10 அடி, யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த உயரம் இல்லை, 1891இல் ஒரு கட்டடத்தின் கைப்பிடி அங்கே இருந்தது, அவ்வளவுதான் என்று சொல்வேன். நாடாவைப் பிடித்திருக்கிற முகங்களைப் பார்க்க வேண்டும் நீங்கள். இதைவிடச் சுவாரசியமான பொய்யை உங்களால் எழுத முடியுமா? அதே நைஸ்மித் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்து 55 ஆட்டம் வென்று 60 ஆட்டம் தோற்றார், அங்கே வென்றதைவிட அதிகம் தோற்ற ஒரே பயிற்சியாளர் அந்த ஆட்டத்தை உண்டாக்கியவர்தான். இதைக் கேளுங்களேன். வாலிபாலும் இதே மாதிரிதான்: 1895, ஹோல்யோக், வில்லியம் மார்கன், முதலில் வைத்த பெயர் மின்டனெட். எல்லாம் பதிவில் இருக்கிறது.

கண்டுபிடித்தவர் உள்ள ஆட்டங்கள் மிகக் குறைவு. சதுரங்கத்துக்கும் கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் தனி ஒரு தகப்பன் கிடையாது. கிரிக்கெட்டுக்கு உறுதியாகக் கிடைக்கிற மிகப் பழைய சான்று, பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் நடந்த ஒரு நில வழக்கு. ஜான் டெரிக் என்பவர் தான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது அந்த நிலத்தில் கிரிக்கெட் ஆடியதாகச் சாட்சி சொன்னார். ஒரு ஆட்டத்தின் வரலாறு நீதிமன்றத்தில் ஒருவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தையில் பிழைத்திருக்கிறது. "யார் கண்டுபிடித்தார்?" என்று மட்டுமே கேட்கத் தெரிந்தவர்களுக்கு இப்படி ஒரு கேள்வி வாய்க்காது.

ஸ்னூக்கரைப் பற்றி ஒரு கேள்வித் தொகுப்பில் அச்சில் பார்த்தேன்: "ஸ்னூக்கரை உருவாக்கிய நெவில் சேம்பர்லைன் பிற்பாடு எந்த நாட்டின் பிரதமரானார்?" ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகள் நடுவில் பிறந்தது. உருவாக்கியவர் நெவில் சேம்பர்லைன் என்ற இளம் அதிகாரி. பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லைன் வேறு ஆள், 1869இல் பிறந்தவர். 1875இல் அவருக்கு ஆறு வயது. இதைச் சரிபார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு பிள்ளை அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி, இரவு விழித்து மனப்பாடம் செய்கிறது.

என்னை எழுத வைத்தது இதெல்லாம் சேர்ந்துதான் என்றாலும், கடைசியாகத் தள்ளியது வேறொன்று. அந்தப் போட்டிக்குப் பிறகு ஒரு நாள் அந்தப் பெண்ணின் நோட்டைப் பார்த்தேன். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்திருந்தாள். இடது பக்கம் மேலே 'நிஜம்', வலது பக்கம் மேலே 'போட்டிக்கு'. இடது பக்கம் பெலிண்டா கிளார்க், 1973, பெட்டி வில்சன். வலது பக்கம் சச்சின், 1975, போத்தம். இரண்டையும் ஒரே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். "டீச்சர், அடுத்த தடவை கேட்டா நிஜத்தைச் சொல்லவா, அவங்க விடையைச் சொல்லவா?" என்று கேட்டாள். நிஜத்தைச் சொல் என்றேன். "மார்க் போயிடுமே, எல்லாரும் என்னைத் திட்டுவாங்களே" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அவளுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் உங்கள் கையில் இருக்கிறது.

அதனால் கேட்கிறேன்.

முதலில் அந்த ஒரு கேள்வி. அந்தச் சுற்றில் "பெலிண்டா கிளார்க்" என்ற விடை சரியானது என்று எழுத்தில் அறிவியுங்கள். கோப்பையைத் திருப்பி வாங்கச் சொல்லவில்லை, வென்ற பிள்ளைகள் மேல் எந்தத் தவறும் இல்லை. அவர்களிடமே இருக்கட்டும். ஆனால் கழித்த ஐந்து மதிப்பெண் தவறாகக் கழிக்கப்பட்டது என்று அந்த மாணவியின் பெயருக்கு ஒரு கடிதம் வர வேண்டும், என் பெயருக்கு இல்லை.

அடுத்து, "முதல்", "அதிக", "ஒரே" என்று தொடங்கும் ஒவ்வொரு கேள்வியையும் மறுபடி படியுங்கள். ஆடவர் சாதனையைத்தான் கேட்கிறீர்கள் என்றால் 'ஆடவர்' என்ற அந்த ஒரு சொல்லைச் சேருங்கள். சேர்க்க மனமில்லை என்றால் பெண்களையும் கணக்கில் எடுத்து விடையைத் திருத்துங்கள். இரண்டில் எது செய்தாலும் எனக்குச் சம்மதம்.

விடைத்தாளில் ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து எடுத்தது என்று குறித்திருக்க வேண்டும். இன்னொரு வினாடி வினா புத்தகத்திலிருந்து எடுத்தது ஆதாரம் ஆகாது. ஆட்டம் என்றால் ஸ்கோர் அட்டை, தோற்றம் என்றால் எந்த ஆண்டு, யார் எழுதிய பதிவு என்று இருக்க வேண்டும். அப்படிக் குறிக்க முடியாத கேள்வியை எடுத்துவிடுங்கள். டபுள்டே, வெப் எல்லிஸ், ஏதென்ஸ் வரை 42.195, கோல்ஃபின் முதலெழுத்து, பிரதமர் சேம்பர்லைன், இந்த ஐந்தும் இந்த வருடமே போக வேண்டும். ஏற்கெனவே அச்சிட்டு விற்ற தொகுப்புகளுக்குத் திருத்தப் பட்டியல் ஒன்று வெளியிடுங்கள்.

அப்புறம் முறையீடு. ஓர் அணி விடையை மறுத்தால், சுற்று முடிவதற்குள் ஆதாரத்தைக் காட்ட ஐந்து நிமிடம் கொடுங்கள். நடுவர் அதைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஏற்கவில்லை என்றால் காரணத்தை மேடையில் சொல்ல வேண்டும். நீட்டிய போனைப் பார்க்காமலே முடிவு சொல்லும் அதிகாரம் எந்த நடுவருக்கும் இருக்கக் கூடாது.

அடுத்த போட்டிக்கான அழைப்பு வந்திருக்கிறது. அணியின் பெயர்ப் பட்டியலில் அவள் பெயரை முதலில் எழுதி அனுப்பியிருக்கிறேன். போட்டிக்கு இரண்டு வாரம் முன்னதாக எனக்கு உங்கள் பதில் வேண்டும், அவளுடைய கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியை